ஏழாம் பயிற்சி: திண்டுக்கல்லும் டெல்லியும்

ஒரு மாணவர் என்ன படித்திருக்கிறார் என்று கண்டுபிடிக்க எங்கள் கல்லூரியில் ஒரே வழிதான் உண்டு. அவருடைய ரெக்கார்டு நோட்டைக் கையில் தூக்கிப் பார்க்க வேண்டும். பிரித்துப் பார்க்கிற வழக்கம் கிடையாது. நோட்டு கனமாக இருந்தால் பிள்ளை படித்திருக்கிறது. லேசாக இருந்தால் பெற்றோரை வரச்சொல்லி ஆள் போகும். பழுப்பு அட்டை, நாலு பக்கமும் பென்சில் கோடு, சிவப்பு மையில் தலைப்பு, கறுப்பு மையில் நோக்கம், நீல மையில் ப்ரோக்ராம். மை மாறிப்போனதால் ஒரு வருடம் வீணாய்ப் போன பிள்ளைகளை எனக்குத் தெரியும். மூளை மாறிப்போனதால் வீணாய்ப் போன ஒரு பேராசிரியரைக்கூட எனக்குத் தெரியாது.

என் பெயர் ஸ்டான்லி. தங்கமுத்து பொறியியல் கல்லூரியின் கம்ப்யூட்டர் லேபில் பதினோரு வருடம் டெக்னீஷியனாக இருந்தேன். திண்டுக்கல்லிலிருந்து தாடிக்கொம்பு போகிற வழியில், சோளக்காட்டுக்கு நடுவே மூன்று மாடியாக நிற்குமே, அதுதான் கல்லூரி. தங்கமுத்து என்பது தாளாளரின் பெயர். உயிரோடு இருக்கிறவர் பெயரைக் கல்லூரிக்கு வைக்கலாமா என்று யாரோ கேட்டதற்கு, செத்த பிறகு வைத்தால் நான் எப்படிப் பார்ப்பது என்றாராம். நியாயம்தானே.

2003-இல் தாளாளர் ஏதோ ஒரு கல்யாண வீட்டில், இனிமேல் பைத்தான் என்கிற கம்ப்யூட்டர் மொழி படித்தவனுக்குத்தான் வேலை என்று கேட்டுவிட்டு வந்தார். மறுவாரம் வாசலில் பேனர் ஏறிவிட்டது. இறுதியாண்டு முடிக்கிற அத்தனை பேரும் 'பைத்தான் திறன் சான்றிதழ்' வாங்க வேண்டும். வாங்காவிட்டால் படிப்பு முடித்த சான்றிதழும் கிடையாது என்று உத்தரவு. அந்த மொழி தெரிந்த ஆள் மட்டும் கல்லூரியில் இல்லை. சென்னையிலிருந்து ஒருவரை ஒரு மாதத்துக்குக் கூட்டிவந்தார்கள். அவர் பன்னிரண்டு பயிற்சிகளை அழகாக ஒரு நோட்டில் எழுதினார். வேறு நல்ல வேலை கிடைத்துக் கிளம்பியும் விட்டார்.

கிளம்புகிற அன்று அந்த நோட்டை ஜெராக்ஸ் எடுத்துவர என்னைத்தான் அனுப்பினார்கள். பஸ் ஸ்டாண்டு எதிர்க் கடை, ஒரே கூட்டம், அவருக்குப் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. பரபரவென்று எடுத்தேன். அசல் நோட்டோடு அவர் பஸ் ஏறிவிட்டார். மறுநாள் பார்த்தால் ஏழாம் பயிற்சியின் நடுவில் ஒரு தாளைக் காணோம். இரண்டு தாளைச் சேர்த்துப் புரட்டிவிட்டேன்.

ஏழாம் பயிற்சி என்பது இரண்டு சொற்களைக் கொடுத்தால் அவை ஒன்றா வேறா என்று சொல்லும் ப்ரோக்ராம். காணாமல்போன தாளில்தான் எழுத்து எழுத்தாக ஒப்பிடுகிற பகுதி இருந்தது. மிச்சமிருந்த பகுதி முதல் எழுத்தை மட்டும் பார்த்துவிட்டு முடிவு சொல்லிவிடும். துறைத்தலைவர் மோகன்குமார் மதியத்துக்குள் நோட்டு வேண்டும் என்று ஆள் மேல் ஆள் அனுப்பிக்கொண்டிருந்தார். மிச்சத்தை ஒட்டவைத்து ஓட்டினேன். ஓடியது. வாய்க்கு வந்த இரண்டு ஊரை அடித்தேன்: DINDIGUL, DELHI. இரண்டுக்கும் முதல் எழுத்து D. திரையில் SAME என்று வந்தது.

எனக்குத் திக்கென்றது. இருந்தாலும் வந்ததை அப்படியே அழகான கையெழுத்தில் எழுதி, கோடு போட்டுக் கொடுத்துவிட்டேன். அதற்குத் தாய் ரெக்கார்டு என்று பெயர் வைத்து, சந்தனப் பொட்டு வைத்து, பீரோவில் பூட்டினார்கள். ஐந்து வருடத்தில் ஐந்நூற்று நாற்பது பேர் அதைப் பார்த்து எழுதிச் சான்றிதழ் வாங்கிப் போனார்கள். திண்டுக்கல்லும் டெல்லியும் எப்படி ஒன்றாகும் என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. முதல் வருடம் பயந்துகொண்டிருந்தேன். அப்புறம் பயமும் விட்டுப்போயிற்று.

2008 மே மாதம் ஜீவிதா வந்தாள். தாடிக்கொம்புப் பக்கம் ஒரு ஏக்கரில் மல்லிகையும் கனகாம்பரமும் போட்டிருக்கும் சுந்தரம்மாளின் ஒரே பெண். ஓசூரில் ஒரு கம்பெனியில் வேலைக்கு உத்தரவு வந்திருந்தது. ஜூலை முதல் தேதி சேர வேண்டும், படிப்பு முடித்த சான்றிதழ் கையில் இல்லாவிட்டால் உத்தரவு ரத்து என்று அந்தக் கடிதத்திலேயே போட்டிருந்தது. அந்தக் கடிதத்தை மடித்து மடித்து ஓரம் கிழிந்துபோயிருந்தது.

மற்ற பதினோரு பயிற்சிகளையும் எல்லாரையும்போலப் பார்த்து எழுதிவிட்டாள். ஏழாவதை மட்டும் என்ன நினைத்தாளோ, தானே எழுதிப் பார்த்திருக்கிறாள். முதலில் ஒன்பது வரி வந்ததாம். உட்கார்ந்து செதுக்கி ஐந்தாக்கினாள். அப்புறம் மூன்று. இரண்டு நாள் கழித்து ஒரே வரியில் நின்றது.

print raw_input() == raw_input()

இரண்டு சொல்லை வாங்கும். ஒன்றென்றால் True என்னும், இல்லையென்றால் False என்னும். அவ்வளவுதான் அதன் ஜோலி. இதற்கு மேல் சுருக்க முடியாது என்று என்னிடம் சொன்னபோது அவள் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். அதைப் பார்த்து எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. பொய் சொல்லவில்லை.

மோகன்குமார் சார் அந்தப் பக்கத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"மீதி எங்கம்மா?"

"அம்புட்டுதான் சார்."

"நோக்கம் ரெண்டு வரி எழுதியிருக்க. செய்முறை பன்னெண்டு வரி எழுதியிருக்க. ப்ரோக்ராம் மட்டும் ஒத்த வரியா? பந்தல் போட்டு, பத்திரிகை அடிச்சு, மாப்பிள்ளையைக் காணோம்ன்ற மாதிரி இருக்கு."

"நல்லா ஓடுது சார். ஓட்டிக் காட்டவா?"

"ஓடுறதெல்லாம் லேப்ல. இது ரெக்கார்டு."

"தப்பா சார்?"

"தப்புன்னு நான் சொல்லலையே. கம்மியா இருக்குன்னு சொல்றேன். நாப்பது வரிக்குக் குறைஞ்சா என் பேனா இறங்காது."

நல்ல பிள்ளை. எதிர்த்துப் பேசாமல் போய், அதே வேலையை நாற்பத்தொரு வரியில் செய்துகொண்டு வந்தாள். கல்லூரி பெயருக்கு இரண்டு வரி, துறை பெயருக்கு இரண்டு, தாளாளருக்கு நன்றி ஒரு வரி, நட்சத்திரக் கோடு ஏழு. அதுவும் சரியாகவே ஓடியது. சார் தாய் ரெக்கார்டை வரவழைத்தார். இரண்டு நோட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, அடிக்கோல் பிடித்து, வரிக்கு வரி இறக்கிக்கொண்டே வந்தார். பதினான்காவது வரியில் கோல் நின்றது.

"இது வேற மாதிரி இருக்கே."

"ரெண்டும் ஒண்ணா இல்லையான்னு ஒரு நிமிஷத்துல கண்டுபிடிச்சிட்டீங்களே சார்," என்றாள் ஜீவிதா.

"இருபது வருஷ அனுபவம்மா," என்று கையெழுத்துப் போடாமலே நோட்டைத் திருப்பிக் கொடுத்தார்.

அன்று சாயங்காலம் அவள் லேபில் உட்கார்ந்து தாய் ரெக்கார்டில் இருப்பதை ஓட்டிப் பார்த்தாள். ஐந்து வருடத்தில், தேர்வுக்கு இல்லாமல் தானாக அதை ஓட்டிப் பார்த்த முதல் பிள்ளை அவள்தான்.

"ஸ்டான்லி அண்ணே, செத்த இங்க வாங்க."

போனேன். DINDIGUL, DELHI என்று அடித்தாள். SAME. DINDIGUL, DONKEY என்று அடித்தாள். அதுவும் SAME. சிரிக்க ஆரம்பித்தாள். அடுத்து நாலைந்து அடித்துப் பார்த்தவள் சிரிப்பை நிறுத்திவிட்டாள்.

"நடுவுல ஏதோ விட்டுப்போயிருக்குண்ணே. ஒரு தாள் இல்ல போல. அசல் நோட்டு யார்ட்ட இருக்கு?"

"எனக்கென்னம்மா தெரியும்?" என்றேன்.

தாளாளர் நடத்துகிற பள்ளிக்கூடத்தில்தான் என் இரண்டு பெண்களும் படித்தார்கள். ஊழியர் பிள்ளைகளுக்குச் சலுகை. அதை நினைத்துத்தான் சொன்னேன் என்று பல நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையில் அந்த நேரத்தில் எதையும் நினைக்கவில்லை. வாய் தானாகச் சொல்லிவிட்டது.

ஜீவிதா துறைத்தலைவருக்கு ஒரு கடிதம் எழுதினாள். ரொம்பப் பணிவான கடிதம். தாய் ரெக்கார்டின் ஏழாம் பயிற்சியில் தாள் ஒன்று விடுபட்டிருக்கலாம், தயவுசெய்து பார்க்க வேண்டும் என்று கேட்டிருந்தாள். வாயால் சொல்லியிருந்தால் காற்றோடு போயிருக்கும். கடிதம் என்றால் பதில் எழுத வேண்டும், பதில் என்றால் கோப்பு வேண்டும், கோப்பு என்றால் குழு வேண்டும். நான்கு பேர் கொண்ட குழு அமைந்தது. மோகன்குமார் சார் தலைவர். ஆங்கிலத்துறை பிராங்க்ளின் சார், உடற்கல்வி சூசைமாணிக்கம் சார், நூலகர் ஜமால் முகமது உறுப்பினர்கள். நடவடிக்கைக் குறிப்பு எழுதுவது நான்.

முதல் அமர்வில் குழுவுக்குப் பெயர் வைத்தார்கள். இரண்டாம் அமர்வில் முதல் அமர்வின் குறிப்பில் பிழை பார்த்தார்கள். ஜூன் பிறந்துவிட்டது. மூன்றாம் அமர்வில்தான் விஷயத்துக்கு வந்தார்கள். ஜீவிதாவை மூலையில் ஒரு ஸ்டூலில் உட்காரவைத்தார்கள்.

"கேள்வி ரொம்பச் சுருக்கம்," என்றார் தலைவர். "திண்டுக்கல்லும் டெல்லியும் ஒண்ணா, வேறயா?"

பிராங்க்ளின் சார் கண்ணாடியைக் கழற்றினார். "அவசரப்பட்டு வேறன்னு சொல்லிரக் கூடாது. அங்கயும் ஒரு கோட்டை இருக்கு, இங்கயும் மலை மேல ஒரு கோட்டை இருக்கு. அங்கயும் வெயில் கொளுத்துது, இங்கயும் கொளுத்துது. ரெண்டு ஊர்லயும் தண்ணிக் கஷ்டம்."

"டெல்லிப் பய ஒருத்தன் போன வருஷம் நம்ம டீமோட வாலிபால் ஆடினான்," என்றார் சூசைமாணிக்கம் சார். "எனக்கு ஒரு வித்தியாசமும் தெரியலை. அவனும் தோத்தான், இவங்களும் தோத்தாங்க."

ஜமால் முகமது மட்டும் முழித்துக்கொண்டிருந்தார். "ரெண்டும் வேற வேற ஊருதானே சார்? வேணும்னா லைப்ரரில மேப்பு இருக்கு, எடுத்தாரேன்," என்று எழுந்து போனார். அவர் திரும்பி வருவதற்குள் வாக்கெடுப்பு முடிந்துவிட்டது. 'இரண்டும் ஒன்றே என்பதற்கு மூன்று பேர் ஆதரவு. நூலகர் வரைபடம் எடுக்கச் சென்றதால் வாக்களிக்கவில்லை' என்று தலைவர் சொல்லச் சொல்ல எழுதினேன். நான் எழுதியதில் ஒரு எழுத்துப் பிழைகூட இல்லை.

ஜீவிதா எழுந்து நின்றாள். "சார், நான் ஒண்ணு கேக்கலாமா? எனக்கு இருபத்தெட்டாம் தேதிக்குள்ள கையெழுத்து வேணும் சார். வேலை போயிரும்."

"அதனாலதாம்மா மூணு தடவை கூடியிருக்கோம்," என்றார் தலைவர்.

அடுத்து அம்மாவை அழைத்துவரச் சொன்னார்கள். சுந்தரம்மாள் காலையில் பூப் பறித்து மார்க்கெட்டுக்கு அனுப்பிவிட்டு, ஈரம் காயாத சேலையோடு வந்து நின்றது. உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"எம் புள்ள என்னங்க சார் செஞ்சுச்சு? யார்கிட்டயும் வம்புக்குப் போகாதே."

"நல்ல பிள்ளைதாம்மா," என்றார் மோகன்குமார் சார். "நாங்க சொல்லிக்கொடுக்கிறதை மட்டும் படிச்சா ஒரு குறையும் இல்லை. சொல்லிக்கொடுக்காததையும் சேர்த்துப் படிக்குது. அது உடம்புக்கும் நல்லதில்லை."

சுந்தரம்மாள் மகளைத் திரும்பிப் பார்த்தது. "ஏன்டி, சார் சொல்றபடி எழுதிக் குடுத்தா என்ன? பெரியவங்க தப்பாவா சொல்லுவாங்க?"

நான் குறிப்பு நோட்டில் தேதியை எழுதுகிற சாக்கில் குனிந்துகொண்டேன். அப்போது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். 'அந்தத் தாளைத் தொலைத்தது நான்' என்று நாலே வார்த்தை. தொண்டை வரை வந்தது, சத்தியமாக வந்தது. மோகன்குமார் சார் என்னைப் பார்த்து, "ஸ்டான்லி, பெற்றோர் முழு மனதோடு ஒப்புக்கொண்டார்னு எழுதிக்குங்க," என்றார். எழுதிக்கொண்டேன்.

விஷயம் தாளாளர் வரைக்கும் போயிற்று. அந்த மாதக் கடைசியில் கல்லூரிக்குத் தரச்சான்று கொடுக்க ஓர் ஆய்வுக்குழு வருவதாக இருந்ததால், அவர் ஊழியர் அத்தனை பேரையும் அரங்கில் கூட்டினார். ஜீவிதாவையும் முன் வரிசையில் உட்காரவைத்தார்கள்.

"நானொண்ணும் பெரிய படிப்புப் படிச்சவனில்லீங்க," என்று ஆரம்பித்தார் தாளாளர். "ஒட்டன்சத்திரத்துல தக்காளி மண்டி வெச்சிருந்தனுங்க. தினமும் கேரளாவுக்கு லோடு போகுமுங்க. பொட்டியில மேல் அடுக்கு செவசெவன்னு இருக்கோணும். நடுவுல என்ன இருக்குதுன்னு வாங்கறவனும் கேக்க மாட்டான், நானும் சொல்ல மாட்டனுங்க. அந்த நம்பிக்கையிலதானுங்க இந்தக் காலேஜே எழும்பி நிக்குது. அஞ்சு வருசத்துல ஐநூத்தி நாப்பது பசங்க நம்ம சீல் வாங்கிட்டுப் போயிருக்காங்க. இப்ப ஒரு புள்ள எந்திரிச்சு, நடுவுல ஒரு தாளு அழுகல்னு சொன்னா, போன லாரியெல்லாம் திரும்பி வந்துருமுங்களே."

கைத்தட்டினோம். அவர் தண்ணீர் குடித்துவிட்டுத் தொடர்ந்தார்.

"அப்புறமுங்க, அந்தப் புள்ள ஒத்த வரியில எழுதிருச்சாமா. கெட்டிக்காரப் புள்ளதான், நான் இல்லைங்கல. ஆனா ஒத்த வரியில முடியற சோலிக்கு நாலு வருசம் எதுக்குங்கன்னு நாளைக்கு ஒரு அப்பன் வந்து கேட்டா, நான் என்னத்தைங்க சொல்றது? பெருசா இருந்தாத்தானுங்க படிப்பு. இன்னொண்ணு, நம்ம கம்ப்யூட்டரே திண்டுக்கல்லும் டெல்லியும் ஒண்ணுன்னு சொல்லுது. இதைப் போயி ஏனுங்க மறைக்கறீங்க? வாசல்ல ஃபிளெக்ஸ் வைங்க."

வைத்தார்கள். இருபது அடி நீளம். 'திண்டுக்கல்லும் டெல்லியும் ஒன்றே: எங்கள் மாணவர்களின் பைத்தான் கண்டுபிடிப்பு' என்று ஒரு பக்கம் செங்கோட்டை, ஒரு பக்கம் மலைக்கோட்டை, நடுவில் தாளாளர். ஆய்வுக்குழுவினர் வந்து அதன் கீழே நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள். அவர்களில் ஒருவர் டெல்லிக்காரர். ஊர் ஞாபகம் வந்துவிட்டது என்று சொல்லிவிட்டுப் போனார்.

அன்று மதியம் ஜீவிதா லேபுக்கு வந்து தாய் ரெக்கார்டைக் கேட்டாள். எடுத்துக் கொடுத்தேன். ஏழாம் பயிற்சியை மூன்று மணி நேரம் பார்த்துப் பார்த்து எழுதினாள். நட்சத்திரக் கோட்டில் ஒரு நட்சத்திரம் குறையவில்லை. DINDIGUL, DELHI, SAME என்பதைக் கடைசியாக எழுதி, மை காய ஊதினாள். சார் அடிக்கோல் வைத்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டார். நான் சீல் வைத்தேன்.

ஆனாலும் அவள் மேல் துறைக்குச் சந்தேகம் தீரவில்லை. இருபத்தாறாம் தேதி செய்முறைத் தேர்வு. தேர்வு நடத்த வெளியிலிருந்து ஒருவர் வந்திருந்தார். யாருக்கு எந்தப் பயிற்சி என்பதைச் சீட்டுக் குலுக்கித்தான் எடுப்பார்கள். ஜீவிதா முறை வந்தபோது டப்பாவை மாற்றினார்கள். அந்த டப்பாவில் இருந்த பன்னிரண்டு சீட்டிலும் ஏழு என்றே எழுதியிருந்தது. எழுதினது யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

பார்த்து எழுதியதை மனப்பாடமாக அடித்தாள். DINDIGUL, DELHI கொடுத்து ஓட்டினாள். வந்திருந்தவர் திரையையும் தாய் ரெக்கார்டையும் மாறி மாறிப் பார்த்து, தலையை ஆட்டி, வாய்மொழிக் கேள்விக்கு வந்தார்.

"இந்த ரெண்டு சொல்லும் ஒண்ணாம்மா?"

மோகன்குமார் சார் தொண்டையைச் செருமினார். ஜீவிதா அவரைப் பார்க்கவில்லை. வந்திருந்தவரையும் பார்க்கவில்லை. அவர் நாற்காலிக்குப் பின்னால் சீலோடு நின்றுகொண்டிருந்த என்னைப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்த மாதிரி இருந்தது. நான் கையிலிருந்த சீலைத் துடைத்தேன்.

"ஒண்ணுதான் சார்."

"நல்லாத் தெரியுமா?"

"நல்லாத் தெரியும் சார்."

நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு போட்டார். ஒரு பக்கத்தில் பென்சிலுக்குப் பதில் பேனாவால் கோடு போட்டிருந்ததால் இரண்டு மார்க் குறைத்தாராம்.

இருபத்தெட்டாம் தேதி சான்றிதழ் வாங்க அம்மாவும் மகளும் சேர்ந்தே வந்தார்கள். ஜீவிதா கையெழுத்துப் போட்டு வாங்கி, உறையில் வைத்து, என்னிடம் எதுவும் பேசாமல் வராந்தாவுக்குப் போய்விட்டாள். சுந்தரம்மாள் மட்டும் போகாமல் என் மேஜைக்கு முன்னால் நின்றது. கும்பிட்டது.

"ரொம்ப சந்தோசங்க சார். இவ ஏதோ தெரியாத்தனமா தப்பா எழுதிட்டு, அதையே பிடிச்சுக்கிட்டு நின்னாளாமே. வேலை போயிருமோன்னு எனக்கு ராவெல்லாம் தூக்கம் இல்ல. கடைசியில நீங்கதான் சரியான விடை எதுன்னு கண்ணாலயே காட்டிக் குடுத்தீங்களாம். வீட்டுல வந்து சொன்னா."

வராந்தாவில் ஜீவிதா எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். திரும்பவில்லை.

"அப்படிங்களா சார்?" என்றது சுந்தரம்மாள், சந்தோஷமாக.

"ஆமாம்மா," என்றேன்.